முன்கண்ணாடி மாற்றக் காரை விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் கார்க் கண்ணாடி மாற்றித் தரும் கடை ஒன்று, "கம்பெனி ஒரிஜினல்" என்று பில் போட்டுவிட்டு, எந்த முத்திரையும் இல்லாத கண்ணாடியை என் வண்டியில் பொருத்தி அனுப்பியது. வேறு யாரும் இப்படிச் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

விக்கிரவாண்டிக்கு அருகே, தார்ப்பாய் மூடாமல் ஜல்லி ஏற்றிச் சென்ற டிப்பரிலிருந்து கல் தெறித்து, முன்கண்ணாடியின் இடப்புறத்தில் மிளகளவு சில்லு பெயர்ந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதே முன்கண்ணாடி என்பதால், வெளித்தகட்டில் மட்டும் சிறிதாகப் பெயர்ந்து விரிசல் ஓடாதிருக்கும் நிலையில் ரெசின் என்ற பிசினைச் செலுத்தி அடைத்துவிடலாம். அதற்காகத்தான் வண்டியை விட்டேன். மாலையில் போனபோது பழைய கண்ணாடியே இல்லை. "வாட்டர் வாஷ் பண்ணும்போது விரிசல் ஓடிருச்சு சார், இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்" என்றார்கள். வெயிலில் கொதித்துக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினாலோ, உள்ளே ஏ.சி.யை ஒரேயடியாகக் கூட்டி வைத்தாலோ சில்லு விரிசலாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அடைக்க வந்த வண்டியை அடைப்பதற்கு முன்பே எதற்காகக் கழுவினார்கள்? கழற்றிய கண்ணாடியைக் காட்டச் சொன்னால், பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

அன்று வண்டிக்குள் காடி (வினிகர்) வாடை அடித்தது. முதல் மழையிலேயே டேஷ்போர்டு ஓரமாக நீர் கசிந்து, இடப்பக்க மிதியடி ஊறிப்போனது. வேறொரு மெக்கானிக் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையை (பீடிங்) நீக்கிப் பார்த்தபோதுதான் வாடைக்குக் காரணம் தெரிந்தது: கண்ணாடி ஒட்டுவதற்குரிய பாலியூரித்தேன் பசைக்குப் பதிலாக, குளியலறை ஓரங்களில் பூசும் மலிவான சிலிக்கானைத் தடவியிருந்தார்கள். உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் அந்த வகை சிலிக்கான், பழைய பசையைச் சுரண்டியபோது பெயின்ட் போன இடங்களில் துருவைக் கிளப்பிவிட்டிருந்தது. பல கார்களில் முன்பக்கப் பயணியின் ஏர்பேக் முன்கண்ணாடியில் மோதித்தான் பயணியை நோக்கி விரிகிறது. பசை பிடிக்காத கண்ணாடி அந்த வேகத்தில் வெளியே பிய்த்துக்கொண்டு போகக்கூடும். ஆகவே இதை வெறும் ஒழுகல் பிரச்சினை என்று என்னால் விட முடியவில்லை.

கண்ணாடியின் கீழ்மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் உற்பத்தியாளர் பெயரும் அழியாதபடி பதிக்கப்பட்டிருக்க வேண்டும். என் வண்டியில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. பழைய ஃபாஸ்டேகையும் பிய்த்துச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சுங்கச்சாவடியில் அது வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இன்சூரன்ஸ் பேச்சிலும் பாதிதான் உண்மை. பாகம் பழசு என்று கிளெய்ம் தொகையில் பிடிக்கும் தேய்மானக் கழிவு கண்ணாடிக்குக் கிடையாது. ஆனால் 1500 சி.சி. வரையிலான காருக்கு 1000 ரூபாயை நாம் கட்டியாக வேண்டும், அதோடு கிளெய்ம் வாங்காமல் இருப்பதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் பொதுவாகப் போய்விடும். ரெசினால் முடிந்திருக்கும் வேலைக்கு இத்தனை இழப்பு.

இப்போது ஜல்லி லாரி தென்பட்டால் நன்றாகப் பின்தங்கிவிடுகிறேன். தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் விடாமல் வைப்பரை ஓட்டுவதில்லை. கடைக்குப் போகிறவர்கள், பொருத்துவதற்கு முன்பே கண்ணாடியின் முத்திரையையும் பசைக் குழாயின் பெயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கழற்றும் கண்ணாடியை உங்களிடம் காட்டாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று வண்டியை விடும்போது தரும் வேலைச் சீட்டான ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தர அந்தக் கடை மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தபடியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதற்கான ஆவணங்களைத் திரட்டி வருகிறேன்.