ப்ரீப்ரெக் கார்பனின் பின்பக்கம்: சிலிகோன் ஷீட், அலுமினியம், கார்பன் தகடு – எது எவ்வளவு தாங்குகிறது?

ப்ரீப்ரெக்கை (ரெசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் துணி) மோல்டில் அடுக்கி, காற்றை உறிஞ்சும் பையால் (வேக்யூம் பேக்) மூடி வேகவைத்தால், மோல்டைத் தொட்ட முகம் பளபளவென்று வந்துவிடும். வேக்யூம் பேக் பக்கம்தான் தலைவலி. எது தொடுகிறதோ அதன் தடம் ரெசினில் அப்படியே பதியும்: பீல் ப்ளை (வெந்தபின் உரித்தெடுக்கும் துணி) என்றால் துணித்தடம், துளையுள்ள ரிலீஸ் ஃபிலிம் (ரெசினில் ஒட்டாத தாள்) என்றால் ரெசின் பொட்டுகள். துளையில்லாத ஃபிலிமிலும் மேலேயுள்ள ப்ரீதரின் (காற்று போக வழிவிடும் பஞ்சுத்துணி) சொரசொரப்பு ஊடுருவித் தெரியும். ஃபிலிம் சுருங்கிய இடத்தில் ரெசின் சேர்ந்து வரம்பாக நிற்கும். விரலை வைத்துத் தேய்த்தால் கீறும்.

ஆக, ஃபிலிமுக்கும் ப்ரீதருக்கும் நடுவே ஓர் அழுத்துத் தகடு வேண்டும். சமதளப் பாகத்துக்கு மெருகேற்றிய 1.5 மி.மீ. அலுமினியமே போதும். வளைவில் அதை நம்ப வேண்டாம். 120 டிகிரியில் 600 மி.மீ. தகடு சுமார் 1.3 மி.மீ. நீளும், கார்பன் அசையவே அசையாது. ஓர மடிப்பில் தகடு முட்டித் தூக்கிக்கொள்ளும்.

வளைவுக்குச் சிலிகோன் ஷீட் நன்றாகப் படியும். ஆனால் மூன்று தொல்லைகள். ப்ளை (துணி அடுக்கு) மேல் ப்ளை ஏறும் கால் மி.மீ. படியை அது அமுக்காது, போர்த்தி மட்டும் விடும். உள்மூலையில் பாலம் போட்டு நிற்கும். அடியில் ரெசினும் குமிழும் தேங்கும். சூட்டில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு விரியும் என்பதால், குறுகலான பள்ளத்தில் இறுக்கி அடைத்தால் ரெசினைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். நாள்பட்ட ஷீட் விறைத்துப்போகும். வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். பெயின்ட்டோ பசையோ ஏறவேண்டிய இடத்தில் சிலிகோனை நேரடியாகப் படவிடாதீர்கள்; ஒட்டும் பட்டைக்கு மட்டும் பீல் ப்ளை.

ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு என் ஓட்டு கார்பன் தகட்டுக்குத்தான். வெந்த பாகத்தின் பின்பக்கப் பள்ளங்களை அடைத்து, 240, 400, 800 என்று ஈரத்தாளால் தேய்த்து, ரிலீஸ் (ஒட்டாமல் பிரியவைக்கும் பூச்சு) பூசி, அதன்மேல் அதே ப்ரீப்ரெக்கை மூன்று ப்ளை போட்டு வேகவைக்க வேண்டும். பாகமும் தகடும் ஒரே அளவில் விரியும், எனவே முட்டாது. தகட்டின் ஓரத்தைச் சரித்து, மூலைகளை உருட்டிவிடுங்கள். இல்லையென்றால் பேக் கிழியும். முதல் தகடு செய்ய ஒரு நாள் போய்விடும், அது உண்மைதான்.

எந்தத் தகடானாலும் காற்று போகும் வழியை அது மூடிவிடும். ஆட்டோகிளேவ் (அழுத்தமும் தரும் அடுப்பு) இல்லாமல் ஓவனில் மட்டும் வேகவைக்கும்போது பின்ஹோல் (ஊசித்துளை) வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சுற்றிலும் 50 மி.மீ.க்கு ஒன்றாக உலர்ந்த கிளாஸ் இழை வையுங்கள்: ஒரு முனை ப்ளை ஓரத்தைத் தொடவேண்டும், மறுமுனை ப்ரீதருக்குள். அந்த ஓரம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். முதல் ப்ளைக்குப் பிறகும், பின்னர் மூன்று ப்ளைக்கு ஒருமுறையும் 15 நிமிடம் வேக்யூமில் அமுக்குங்கள். கடைசியில் பம்ப்பை மூடி 5 நிமிடம் கேஜைப் பாருங்கள். 10 மில்லிபாருக்கு மேல் முள் நகர்ந்தால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள். பேக் மடிப்பின் அடியில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.