சிராஃப் வகை மிதவைத் தொட்டி: வாங்குமுன் சல்லடையை அளந்து பாருங்கள்

பழங்கால மக்கள் தின்ற தாவர உணவைத் தேடும்போது எலும்பை விடச் சாம்பல் மண்தான் அதிகம் பேசும். அடுப்பிலும் குப்பைக் குழியிலும் கரிந்து தப்பிய விதைகளை அதிலிருந்து பிரிக்க, ஈரானின் சிராஃப் அகழாய்வில் 1970களில் உருவான தொட்டி வடிவம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. 200 லிட்டர் டிரம், உள்ளே 1 மி.மீ. வலை, அதன் கீழிருந்து மேலெழும் நீர், வழிவிளிம்பு, வெளியே சல்லடை. வலைமேல் மண்ணைக் கொட்டினால் கரி மிதந்து விளிம்பு வழியே சல்லடையில் விழும். எளிமையே இதன் பலம். பழுதானால் களத்திலேயே சரிசெய்யலாம்.

பலவீனம் வெளிச்சல்லடை. 0.5 மி.மீ. கண் உள்ளதைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். தானியமணி அதில் நிற்கும், மிகச் சிறிய களைச்செடி விதைகள் நழுவிவிடும். அந்தக் களைகள்தான் தானியம் புடைத்துச் சலித்ததா, அறுத்தபடி வந்ததா என்று காட்டுபவை. 0.25 அல்லது 0.3 மி.மீ. சல்லடை அடைத்துக்கொள்ளும், அடிக்கடி தட்டிக் கழுவ வேண்டும். அந்தச் சிரமத்தைப் பட்டே ஆக வேண்டும்.

நீர்வரத்தைத் திறக்கும் வால்வு மிருதுவாகத் திரும்புகிறதா என்பதும் முக்கியம். வேகம் கூடினால் வண்டல் விளிம்பு தாண்டிச் சல்லடையை மூடும், குறைந்தால் கரி எழாது. எப்படியும் கனத்த பருப்பும் கொட்டை ஓடும் மூழ்கலாம். எனவே மீன்முள், சிப்பியோடு வலையில் தங்கும் கசடையும் கையால் பொறுக்குங்கள். களிமண் கட்டியைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஊறவையுங்கள், கையால் நசுக்காதீர்கள்.

தொட்டியைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அகழிடத்தில் கசகசா கிடைக்க வாய்ப்பில்லை என்றால், கரித்த கசகசா 100 மணிகளை ஒரு மாதிரி மண்ணில் கலந்து ஓட்டி, திரும்பியதை எண்ணுங்கள். எண்ணிக்கை பாதிக்குக் கீழே போனால் வலை, வால்வு, ஊறவைத்தல் மூன்றையும் பாருங்கள். அடுத்த மாதிரியில் கசகசா தலைகாட்டினால் தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை. நீரை மறுசுழற்சி செய்யும் தொட்டியில் இந்தக் கலப்படம் எளிதில் நேரும். கசடை அடியில் தங்கவிடும் படிவுத் தொட்டி இல்லாமல் அந்த வகையை வாங்க வேண்டாம்.

பச்சையாகவோ வேகவைத்தோ தின்ற கீரையும் கிழங்கும் பெரும்பாலும் இதில் அகப்படாது. அவற்றுக்குப் பல்லில் இறுகிப் படிந்த காரையில் சிக்கிய மாவுத்துகள், பானைச் சுவரில் ஊறிய கொழுப்பு என வேறு சோதனைகள் வேண்டும்.

பிடித்த கரியை மெல்லிய துணியில் கட்டி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் விதை வெடித்து, இனம் காண முடியாமல் போகும்.