குழந்தையின் விருப்பமா, நலனா?

விவாகரத்து மனுவில் குழந்தையைப் பற்றி வரும் பத்தியைப் பலரும் சடங்குக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் தகராறு வந்தால் நிற்பது அங்கேதான்.

இந்து திருமணச் சட்டம் (1955) பிரிவு 26 பேசுவது விருப்பத்தை. குழந்தை யாரிடம் இருக்கும், செலவு, படிப்பு எல்லாவற்றையும் 'முடிந்தவரை' குழந்தையின் விருப்பத்துக்கு ஒத்தபடி நீதிமன்றம் முடிவு செய்யலாம். அந்த 'முடிந்தவரை'யைக் கவனியுங்கள், கட்டாயம் இல்லை. விவாகரத்து முடிந்த பிறகும் இந்த உத்தரவை மாற்றக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்த வருடம் வந்த இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) காப்பாளர் சட்டத்தின் பிரிவு 13 வேறு மாதிரி: நலனே தலையாயது. அதே சட்டத்தின் பிரிவு 6 தந்தையை முதல் காப்பாளராக வைத்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது. சரி, பிரிவு 6-இன் இந்த இரண்டு விதிகளும் குழந்தையின் நலனோடு மோதினால்? நலன்தான் ஜெயிக்கும். அப்பாவுக்குச் சம்பளம் அதிகம், அம்மாவுக்கு வேலை இல்லை என்பது மட்டும் போதாது, பிள்ளையின் பள்ளி, உடல்நலம், மனநிலை, யாரோடு ஒட்டுதல் எல்லாமே கணக்கில் வரும்.

என்னைக் கேட்டால் 26 நடைமுறைக்கு வசதி, 13தான் கனமானது. பத்து வயதுப் பிள்ளை "அப்பாகிட்டதான் இருப்பேன்" என்றால் நீதிபதி கேட்பார், ஆனால் அது சொல்லிக்கொடுத்த வசனமா என்றும் பார்ப்பார்.