பாக்டீரியோரோடாப்சினா, புரோட்டியோரோடாப்சினா?

கிண்டியிலும் தரமணியிலும் முதுகலை ஆய்வுத்திட்டம் தொடங்கும் மாணவர்கள், அமிலத்தன்மை ஒளியுணர் புரதத்தை எப்படி மாற்றுகிறது என்று காண, ஒளியுணர் புரதங்களான இவ்விரண்டில் எதை எடுப்பது எனத் தயங்குகிறார்கள்.

கிடைக்கும் இடம்: முன்னது 1971இல் அறியப்பட்ட, உப்பள நுண்ணுயிரின் ஊதா சவ்வுப் புரதம், பின்னது 2000இல் கடல் பாக்டீரியா மரபணுவிலிருந்து அறியப்பட்டது.

அமிலத்தில் நடப்பது: பாக்டீரியோரோடாப்சினில் புரதச் சங்கிலியின் 85ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் பி.எச். 3க்குக் கீழே சென்றால்தான் புரோட்டானை ஏற்கிறது. அப்போது உறிஞ்சும் அலைநீளம் 568இலிருந்து ஏறத்தாழ 605 நானோமீட்டருக்கு நகர்வதால், குவெட்டில் (ஒளி அளவிடும் சிறு கண்ணாடிக் குப்பியில்) நாவற்பழச் சாறு போலிருந்த கரைசல் சில துளி அமிலத்திலேயே நீலமாகிவிடும். நேர்மின் அயனிகளை முற்றிலும் நீக்கினாலும் இதே நீலம் வரும் என்பதால், கழுவும் நீரில் கவனம் தேவை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புரோட்டியோரோடாப்சினில் அதே பணியைச் செய்யும் 97ஆம் இட அமிலம் பி.எச். 7.5 அருகிலேயே மாறிவிடும், கடல்நீரின் பி.எச். சுமார் 8 என்பதை நினைத்தால் இது எவ்வளவு நெருக்கமான எல்லை என்பது விளங்கும்.

உழைப்பு: முன்னதை வளர்க்க லிட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம் உப்பும் பல நாள் பொறுமையும் வேண்டும்; பின்னதை ஈ. கோலை பாக்டீரியாவில், ரெட்டினால் என்ற ஒளி உறிஞ்சும் மூலக்கூறைச் சேர்த்து, விரைவில் பெறலாம்.

நிலைத்தன்மை: இதில் சிறந்தது சந்தேகமின்றி முன்னதே.

கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றமும் நீடித்த மாதிரியும் வேண்டுவோர் பாக்டீரியோரோடாப்சினை எடுக்கலாம். நடுநிலை பி.எச். அருகே நுணுக்கமாக அளப்பவர்களுக்கும் மரபணு மாற்றம் செய்து பார்ப்பவர்களுக்கும் புரோட்டியோரோடாப்சினே பொருந்தும்.