2 டிபி என்று விற்ற டிஸ்க்கில் போன எங்கள் வீட்டுப் படங்கள்

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் யாராவது கம்ப்யூட்டரில் உள்ள படங்களைப் பேக்கப் எடுக்க மலிவாக டிஸ்க் தேடிக்கொண்டிருந்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் முடிகிறது என்றார்கள், என் பழைய கம்ப்யூட்டரில் 11 ஏறவில்லை, அதனால் புதிது வாங்கினேன். பழையதில் சுமார் 180 ஜிபி இருந்தது. தங்கை கல்யாணம், நிலப் பத்திர ஸ்கேன், 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த எங்கள் தென்னந்தோப்பு, அப்புறம் அப்பா நாற்றங்கால் வரப்பில் நின்று பேசிய வீடியோ. கும்பகோணத்தில் ஒரு கடையில் '2 டிபி எஸ்எஸ்டி' (சுமார் 2,000 ஜிபி பிடிக்கும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்று 1,400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பில் கேட்டேன், "வாரண்டி கார்டு உள்ளேயே இருக்கு சார்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் செருகினால் 2 டிபி என்றுதான் காட்டியது. எல்லாவற்றையும் காப்பி செய்தேன், ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. முதல் ஃபோல்டரில் நாலு படம் திறந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. பழைய கம்ப்யூட்டரை அழித்து அக்கா மகனுக்குக் கொடுத்தேன், அவன் இரண்டே வாரத்தில் கேம்ஸ் போட்டு நிரப்பிவிட்டான்.

பொங்கலுக்கு அம்மா, அப்பாவின் அந்த வீடியோவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பெயர் இருக்கிறது, சைஸ் இருக்கிறது, திறக்கவில்லை. கடைக்குப் போனால் "ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார்கள், பில் இல்லாததால் மேற்கொண்டு பேசவே விடவில்லை.

தெரிந்த பையன் ஒருவன் திறந்தவற்றை மட்டும் முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். அது டிஸ்க்கில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். 100 ஜிபி எழுதியதில் 58 ஜிபிதான் திரும்பி வந்தது. கழற்றினால் உள்ளே பசை போட்டு ஒட்டிய ஒரு மெமரி கார்டு. 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரையே (கார்டை இயக்கும் சிப்) மாற்றி வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகு வருவதையெல்லாம் அது வாங்கியதுபோலக் காட்டித் தூக்கி எறிந்துவிடும், ஃபைல் பட்டியல் மட்டும் நிற்கும். (நிஜமான 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், பயப்பட வேண்டாம்.)

மலிவாகவே செய்ய வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். பழுதான லேப்டாப்பில் நல்ல ஹார்டு டிஸ்க் இருந்தால் சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டுக்கொள்ளலாம். பத்திரம், ஆதார், மார்க் ஷீட் ஸ்கேன்களுக்கு கூகுள் தரும் இலவச 15 ஜிபி தாராளம். புதிதாக ஹார்டு டிஸ்க் வாங்குவதென்றால் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், முதல் ராத்திரியே அந்தச் சோதனையைப் போடுங்கள், அதற்கு முன் ஒரு படத்தைக்கூட அதில் ஏற்றாதீர்கள். விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது, அதை ஒருமுறை ஆன் செய்துவிட்டால், டிஸ்க்கைச் செருகியிருக்கும்போது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் மாறிய ஃபைல்களைத் தானே எடுத்து வைக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், இடி இறங்கினாலோ வைரஸ் வந்தாலோ செருகியிருப்பதும் சேர்ந்து போகும். நான் இப்போது இன்னொரு டிஸ்க்கைத் திருச்சியில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன், கஜாவில் ஓடு பறந்து பீரோவரை நனைந்த வீடு எங்களுடையது. காப்பி எடுத்தால் கடைசி ஃபோல்டரையும் திறந்து பாருங்கள், நான் முதல் ஃபோல்டரோடு நின்றுவிட்டேன்.

பில் வைத்திருந்து ஏமாந்தவர்கள் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுங்கள்.

அப்பா வீடியோவை அப்போது வாட்சப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் போனில் முதல் 40 நொடி மட்டும் கிடைத்தது, மங்கலாக. அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.