எச்டிஎம்எல் மெயில்: கையால் எழுதுவதா, எம்ஜேஎம்எல்லா, இழுத்துப்போடும் எடிட்டரா?

எச்டிஎம்எல்லில் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) எழுதி, பிரவுசரில் பளிச்சென்று தெரிகிற பக்கத்தை அப்படியே மெயிலாக அனுப்பிவிட்டு, பழைய விண்டோஸ் அவுட்லுக்கில் திறந்து பாருங்கள், பொத்தான் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று கிடக்கும். காரணம், 2007 பதிப்பிலிருந்து அது மெயிலைக் காட்டுவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் எஞ்சினை வைத்து. இணையப் பக்கத்தை அடுக்கும் இன்றைய முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் எதுவும் அதற்குப் புரியாது. புதிய அவுட்லுக் இந்த வேர்டு எஞ்சினை விட்டுவிட்டது, ஆனால் பழையதை வைத்திருக்கும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் மெயிலில் மட்டும் டேபிள் லேஅவுட் (எல்லாவற்றையும் அட்டவணைக் கட்டங்களில் அடுக்கும் பழைய முறை) இன்னும் சாகாமல் இருக்கிறது. யார் அந்த டேபிளை எழுதுவது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

ஓடிபி, ரசீது, பாஸ்வேர்டு மாற்றம் மாதிரி மெயில்களுக்கு என் ஓட்டு கையால் எழுதுவதற்கே. ஒரே நெடுவரிசை, 600 பிக்சல் அகலத்தில் ஒரு டேபிள், ஒரு பொத்தான், இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு நெடுவரிசை லேஅவுட், மொபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும் என்று ஆரம்பித்தால்தான் தலைவலி.

அந்த இடத்தில் எம்ஜேஎம்எல். மெயில்ஜெட் நிறுவனத்தில் பிறந்த ஓப்பன் சோர்ஸ் மொழி இது. செக்‌ஷன், காலம் (நெடுவரிசை), பட்டன் என்று சில வரிகள் எழுதினால், அவுட்லுக்குக்கான தனிக் குறிப்புகளோடு நூற்றுக்கணக்கான வரி டேபிளாக அதுவே மாற்றித் தருகிறது. பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள்: லிங்க்கைச் சுற்றி பேடிங் (காலி இடம்) கொடுத்துப் பின்னணி நிறம் போட்டால் பழைய அவுட்லுக் அந்தப் பேடிங்கைக் கண்டுகொள்ளாது, எழுத்தை ஒட்டி நிறம் சுருங்கிப்போகும். எம்ஜேஎம்எல் நிறத்தை டேபிள் செல்லுக்கும் கொடுத்து, அவுட்லுக்குக்கென்று தனியாக ஒரு பேடிங்கையும் வைத்துவிடுகிறது. அப்போதும் அங்கே எழுத்தின் மேல் தட்டினால்தான் லிங்க் திறக்கும், ஆனால் பார்க்கப் பொத்தான் மாதிரி இருக்கும், அது போதும். இன்னொன்று, நெடுவரிசைகள் எல்லாம் முதலிலேயே முழு அகலத்தில்தான் இருக்கும், பெரிய திரை என்றால் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆகவே ஸ்டைல் பகுதியை (தோற்றத்துக்கான விதிகள்) கழற்றிவிடும் மெயில் ஆப்பிலும் மெயில் படிக்கிற மாதிரியே வரும்.

குறை என்றால், அது எழுதித் தருகிற எச்டிஎம்எல் ரொம்பப் பெருசு. மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு 'முழுதாகப் பார்க்க' என்று ஒரு லிங்க் போட்டுவிடும், கடைசியில் வைத்த அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் அதோடு மறைந்துவிடும். தமிழ் நியூஸ்லெட்டர் அனுப்புகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' ஒன்றுக்கே 3 பைட், 'கு' என்றால் 6. ஆகவே மினிஃபை செய்துவிட்டே (தேவையில்லாத இடைவெளிகளை நீக்கிச் சுருக்கி) அனுப்புங்கள். இணையத்திலிருந்து இறங்கும் வெப் ஃபான்ட்டையும் நம்ப வேண்டாம், ஜிமெயிலில் உங்கள் ஃபான்ட் வராது. விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ மாதிரி ஃபான்ட்களின் பெயரைக் கொடுத்து, வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும்.

மெயில்சிம்ப், ஸ்ட்ரிப்போ மாதிரி இழுத்துப்போடும் எடிட்டர்களை டெவலப்பர்கள் கிண்டல் செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வாராவாரம் உள்ளடக்கத்தை மாற்றுவது மார்க்கெட்டிங்கில் இருப்பவர் என்றால், ஒரு படத்தை மாற்ற அவர் ஏன் டெவலப்பர் வாசலில் நிற்க வேண்டும்? ஆனால் ஒரு எடிட்டரில் செய்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாடு, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் மாதிரி வெர்ஷன் வரலாறும் பெரும்பாலும் கிடைக்காது.

இன்னும் இரண்டு கருவிகள் உண்டு: ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியிலேயே ஆப் எழுதுகிற டீம் என்றால் ரியாக்ட் ஈமெயில், டெயில்விண்ட் என்ற ஸ்டைல் கருவி பழக்கம் என்றால் மெய்சில். இரண்டும் நல்லவைதான், ஆனால் அந்தப் பழக்கம் இல்லாதவர் மெயிலுக்காக மட்டும் அதைக் கற்க வேண்டியதில்லை.

எதில் செய்தாலும் எச்டிஎம்எல்லோடு வெறும் எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள், எழுத்து முதலில், எச்டிஎம்எல் கடைசியில். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் டொமைனில் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் இந்த மூன்றையும் கேட்கிறது, விளம்பர மெயில் என்றால் ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். மெயில் அனுப்பும் சேவைகள் அந்த வசதியைப் பெரும்பாலும் தாங்களே சேர்த்துவிடும், சொந்த சர்வரிலிருந்து அனுப்பினால் அதற்கான ஹெடரை (மெயிலின் தலைப்பகுதியில் போகும் குறிப்பு) நீங்கள்தான் போட வேண்டும்.