ஏர் ரைஃபிள் பெல்லட் வாங்குறவங்க உஷார்: நல்ல டப்பாவுக்குள்ள மட்ட குண்டு

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துலேருந்து புள்ளைங்கள ரைஃபிள் ஷூட்டிங்குக்கு அனுப்புற அப்பா அம்மா எல்லாரும் இத கொஞ்சம் பொறுமையா படிச்சிருங்க. பதிவு நீளம்தான், ஆனா உங்க காசும் போகக்கூடாது, புள்ளைங்க மனசும் ஒடிஞ்சிரக்கூடாதுன்னுதான் எழுதுறேன். கடை பேரு போடல. கம்ப்ளைன்ட் குடுத்திருக்கோம், அது முடியற வரைக்கும் பேர் போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஆனா எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா எந்தக் கடையா இருந்தாலும் நீங்களே புடிச்சிரலாம்.

என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறா. இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், இதுல குண்டுன்னா 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், தலை தட்டையா இருக்கும், அதனால பேப்பர்ல பஞ்ச் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும். நடுவுல இருக்கிற பத்துங்கிறது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. 60 ஷாட் சுடணும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் புள்ளி வச்சு மார்க்கு, அதிகபட்சம் 10.9. ஒரு ஷாட்டுக்கு 0.2 குறைஞ்சா 60 ஷாட்டுல 12 பாயின்ட் போயிரும், செலக்‌ஷன்ல 0.1-ல ஊருக்குத் திரும்பி வந்த புள்ளைங்களையெல்லாம் நான் பாத்திருக்கேன். அதனால குண்டு நல்லா இருக்கிறது ஏதோ ஆடம்பரம் கிடையாது, அதுதான் இந்த விளையாட்டுல பாதி.

நல்ல மேட்ச் பெல்லட் எல்லாம் வெளிநாட்டுலேருந்து வருது, ஜெர்மனி, செக் நாட்டு கம்பெனிங்க. 500 குண்டு ஒரு டப்பா, ஆயிரத்துக்கு மேல ஆகும், ஸ்டாக்கும் எப்பவும் கிடைக்காது. இந்த நேரத்துல நம்ம பக்கத்து டவுன்லயே ஒரு கடையில அதே பிராண்ட், அதே டப்பா, டப்பாவுக்கு 250 ரூபா கம்மின்னு சொன்னா யாரு வாங்க மாட்டாங்க. எங்க பசங்க அப்பா அம்மா பாதிப் பேரு அங்கதான் வாங்கினோம். அதே கடைக்காரரு காலி டப்பாவையும் திருப்பி எடுத்துப்பாரு, "தம்பி டப்பாவ தூக்கிப் போடாதீங்க, கொண்டாந்து குடுங்க, அடுத்த டப்பாவுல இருவது ரூபா கழிச்சிக்கிறேன்"னு அவ்வளவு அன்பா சொல்வாரு. புள்ளைங்களும் பத்திரமா சேத்து வச்சு கொண்டுபோயி குடுக்கும்.

இப்ப பொண்ணு கதைக்கு வர்றேன். 610-ஐ தாண்டி சுட்டுக்கிட்டு இருந்தவ திடீர்னு 595-க்கு கீழ இறங்கிட்டா. நல்லா எய்ம் புடிச்சு, மூச்ச அடக்கி, ட்ரிகரும் சுத்தமா எடுத்தேன்ப்பா, ஆனா 8.7-ல போயி விழுதுன்னு வந்து சொல்லும். ஜாக்கெட் லூஸா இருக்கோன்னு தைக்கக் குடுத்தோம், கண்ண செக் பண்ணோம், பக்கத்து கோச் ஒருத்தர் பரிட்சை டென்ஷன்னாரு, சொந்தக்காரங்க புள்ளைக்கு கண்ணு பட்டிருக்கும் சுத்திப் போடுங்கன்னாங்க. புள்ள ராத்திரி சாப்பிடாம உக்காந்து ஸ்கோர் நோட்ட பொரட்டிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் "நான் விட்டுர்றேன்ப்பா, எனக்கு வரல"ன்னுச்சு. எனக்கு ஆத்த முடியாத விஷயம் இதுதான். காசு போனா சம்பாதிச்சுக்கலாம், தப்பு குண்டுல இருக்கும்போது அந்தப் புள்ள தன் கையில தப்புன்னு நம்பிருச்சு பாருங்க.

திருச்சி கோச் சாருதான் கண்டுபிடிச்சாரு. ரைஃபிள வைஸ்ல (இறுக்கிப் புடிக்கிற இரும்புப் பிடியில) கட்டி, மனுஷக் கையே படாம சுட வச்சாரு. அவர்கிட்ட இருந்த குண்டு அஞ்சும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில போச்சு. எங்க டப்பா குண்டு அஞ்சும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல பரவி விழுந்துச்சு. அதே ரைஃபிள், அதே பிரஷர், அதே அஞ்சு நிமிஷத்துக்குள்ள. பத்துங்கிற புள்ளியே அரை மில்லிமீட்டர்ங்கும்போது ஒரு சென்டிமீட்டர் பரவுற குண்ட வச்சுக்கிட்டு ஒலிம்பிக்ஸ்ல சுடுறவங்க வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

மறுநாள் எங்க டப்பாவையும் கோச் குடுத்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு கும்பகோணத்துல எனக்குத் தெரிஞ்ச பத்தர் கடைக்குப் போனேன், அவர் தராசு மில்லிகிராம் வரைக்கும் காட்டும். "என்ன தம்பி, தங்கத் தராசுல ஈயத்த வைக்கச் சொல்றீங்க"ன்னு கேட்டாரு, விஷயத்த சொன்னதும் அவரே இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்து வச்சாரு. கோச் குடுத்த குண்டு 0.530, 0.529, 0.531, இப்படியே அசையாம வந்துச்சு, டப்பா மேல போட்டிருந்ததும் 0.53 கிராம்தான். எங்க குண்டு 0.478, 0.552, 0.509ன்னு தாறுமாறா வந்துச்சு. பத்தரு லென்ஸ் வச்சுப் பாத்துட்டு ஓரத்துல வார்ப்புப் பிசிறு அப்படியே இருக்குங்க, பின்பக்கம் பாவாடை மாதிரி விரியுற எடம் சில குண்டுல நசுங்கியிருக்குன்னு காட்டினாரு. அந்த ஓரம்தான் பேரலோட காத்த அடைச்சு குண்ட சுத்தி விடுது, அது கோணலா இருந்தா குண்டு எங்க போகும்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் டப்பா. டப்பா ஒரிஜினல்தாங்க! பிரிண்டிங் எல்லாம் பக்கா, லாட் நம்பரும் (ஒரே தடவையில தயாரான சரக்குக்குப் போடுற நம்பர்) இருக்கு. ஆனா மூடிக்கு உள்பக்கம் காம்பஸ் முனையால கீறின மாதிரி ரெண்டு எழுத்து. புள்ளைங்க சுடப் பழகுற ரேஞ்சுல விசாரிச்சா அது வேற ஒரு பையனோட இனிஷியல், குண்டு மாறிப் போகாம இருக்க அவன் கீறி வச்சது, போன வருஷம் சுட்டு முடிச்சிட்டு கடையில திருப்பிக் குடுத்த டப்பா. அந்த இருவது ரூபாய்க்கு வாங்கின காலி டப்பாவுலதான் லோக்கல் சாதாரண பெல்லட்ட கொட்டி, சுத்தி டேப் ஒட்டி, திருப்பி நம்ம புள்ளைங்களுக்கே வித்திருக்காங்க.

கடைக்குப் போயி கேட்டேன். டப்பா ஓபன் பண்ணிட்டீங்க, ரிட்டன் கிடையாதுன்னாரு. பில்லு கேட்டா துண்டுச்சீட்டுல எஸ்டிமேட்டுன்னு எழுதிக் குடுத்தது மட்டும்தான் இருக்கு, பணமும் கடை அக்கவுன்ட்டுக்குப் போகல, யாரோ ஒருத்தர் பேருல ஜிபே. இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் ஆளு குரல் மாறிருச்சு, உள்ளேருந்து கூர் தலை வச்ச குண்டு பாக்கெட் ஒண்ண எடுத்துப் போட்டு "இத எடுத்துக்கிட்டுப் போங்க சார், ஹண்டிங் பெல்லட்டு, மானே விழும், பேப்பர் எம்மாத்திரம்"ங்கிறாரு. கடையில நின்ன ரெண்டு சின்னப் பசங்க அத ஆசையா பாக்குறானுங்க.

எனக்கு இங்கதான் ரத்தம் கொதிச்சுச்சு. என் சித்தப்பா பையன் டெக்ஸஸ்ல இருக்கான், அங்க லைசன்ஸ் எடுத்து சீசன்ல மான் வேட்டைக்குப் போற ஆளுங்களோட பழக்கம், அவன்கிட்ட கேட்டேன். அங்க மானுக்கு .243, .270, .30-06 மாதிரி ரைஃபிள் தோட்டா, .243-யே 2,500 ஜூலுக்கு மேல எனர்ஜி, அதுலயும் பட்டதும் விரியுற சாஃப்ட் பாயின்ட் தோட்டாதான் போடுவாங்க, சீக்கிரம் உயிர் போகணும், அரை உயிரா ஓடக்கூடாதுன்னு. .22 ரிம்ஃபயர்ங்கிற சின்னத் தோட்டாவால மான சுடவே கூடாதுன்னு டெக்ஸஸ்ல சட்டமே இருக்கு. சீசனுக்கு முன்னாடி ரெண்டு மூணு பிராண்ட் வாங்கி பேப்பர்ல சுட்டுப் பாத்து, தன் துப்பாக்கிக்கு எது ஒத்துப் போகுதோ அதத்தான் எடுத்துக்கிட்டுப் போவாங்களாம். நம்ம மேட்ச் ஏர் ரைஃபிளோட எனர்ஜி ஏழெட்டு ஜூல். அத வச்சு மான் விழும்னு ஒருத்தன் சொல்றான்னா அவனுக்கு குண்டும் தெரியல, மானும் தெரியல, அந்த ஜீவன் புண்ணு வச்சு அழுகிச் சாகும், அவ்வளவுதான் நடக்கும்.

நம்ம ஊருல அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்க மான் வேட்டையே கிடையாது. கோடியக்கரையில வெளிமானுக்காகவே 1967-ல சரணாலயம் ஆக்கினாங்க, வெளிமான் அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, அத வேட்டையாடினா குறைஞ்சது மூணு வருஷம் ஜெயிலு. ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேணாமேன்னு நினைக்காதீங்க, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேல போகாத துப்பாக்கிக்குத்தான் அந்த விலக்கு, அதுவும் வச்சுக்கத்தான், எத வேணா சுடுறதுக்கு இல்ல. வெண்ணாத்து கரையில கொக்கு, மடையான் சுடுற பசங்க கைக்கு இந்த மாதிரி பேச்சோட குண்டு போயிச் சேர்ந்தா என்ன ஆகும்னு அந்தக் கடைக்காரருக்கு ஒரு கவலையும் இல்ல.

சரி, வாங்கும்போது என்ன பாக்கணும். டேப்ப உத்துப் பாருங்க, ஒட்டி எடுத்து திருப்பி ஒட்டியிருந்தா ஓரத்துல பசை கறுத்திருக்கும். மூடியத் தொறந்தா குண்டு ஆடாம இருக்க ஸ்பாஞ்சு இருக்கணும், டப்பாவுக்கு டப்பா லாட் நம்பர எழுதி வைங்க, போன வருஷ லாட் புதுசா வந்தா கேள்வி கேளுங்க. ஒரு வெள்ளப் பேப்பர்ல கொஞ்சம் கொட்டி உருட்டிப் பாருங்க, கறுப்புத் தூளு கொட்டினா, நசுங்கல் நிறைய தெரிஞ்சா வேணாம். பத்து குண்ட பத்தர்கிட்ட எடை போட்டுப் பாத்தா எல்லாம் வெளிய வந்துரும். ஹெட் சைஸ் (குண்டு தலையோட அளவு, மில்லிமீட்டர்ல) 4.49, 4.50ன்னு வரும், எது உங்க பேரலுக்குன்னு கோச்ச வச்சு டெஸ்ட் பண்ணிட்டு ஒரே லாட்ல மொத்தமா எடுங்க. சுட்டு முடிச்ச காலி டப்பாவ தயவுசெஞ்சு யாருக்கும் குடுக்காதீங்க, மூடியில ஆணியால ஓட்டை போட்டு லேபிள கிழிச்சிட்டு போடுங்க. இன்னொண்ணு, ஈயம் விஷம், பெல்லட் தொட்ட கையோட புள்ளைங்கள எதையும் தின்ன விடாதீங்க, சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க.

எங்களுக்கு நடந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில்லு இல்லாட்டி பரவால்ல, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அந்த எஸ்டிமேட் சீட்டு, டப்பா, மிச்சக் குண்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்க ரேஞ்சுலேருந்து இன்னும் ரெண்டு குடும்பம் சேர்ந்திருக்காங்க. அதே பக்கம் வாங்கி ஸ்கோர் எறங்கின புள்ளைங்க யாராவது இருந்தா டப்பாவோட மூடி உள்பக்கத்த போட்டோ எடுத்து எனக்கு மெசேஜ் பண்ணுங்க, மனுவோட சேத்துக்கிறோம்.